சிம்சன்ஸ் இரண்டாவது படம்: போகலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்சன்ஸ் கார்ட்டூனின் இரண்டாவது திரைப்படம் 2027-ல் வருகிறது என்று 2025 செப்டம்பர் கடைசியில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் வேலையிடத்திலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். தப்பு என்னுடையதுதான். தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளிடம் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே இந்தக் கார்ட்டூனைப் பற்றிப் பேசுகிற ஆள் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. யார் இந்த சிம்சன்ஸ்?

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றொரு கற்பனை ஊர். அங்கே ஒரு மஞ்சள் நிறக் குடும்பம். அப்பா ஹோமர், அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி. அந்த ஊர் இன்னும் வெடிக்காமல் இருப்பதே அதிசயம். அம்மா மார்ஜ், நீலக் கொண்டை கூரையைத் தொடும். மகன் பார்ட்டுக்கு 10 வயது, மகள் லீசாவுக்கு 8, கைக்குழந்தை மேகி வாயில் ரப்பர் நிப்பிளோடு பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உருவாக்கியவர் மேட் கிரேனிங். பெயர் தேட அவர் அதிகம் சிரமப்படவில்லை. ஹோமர் அவருடைய அப்பாவின் பெயர், லீசாவும் மேகியும் தங்கைகளின் பெயர்கள். 1987-ல் வேறொரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நடுவே வரும் குட்டித் துணுக்குகளாகத் தொடங்கியது. 1989 டிசம்பர் 17 அன்று அரை மணி நேரத் தொடராக மாறியது. இன்றுவரை நிற்கவில்லை. ஏறத்தாழ 800 அத்தியாயங்கள்.

"இவ்வளவுதானா? என் மாமியார் சீரியல் மூன்றே வருடத்தில் 800 தாண்டிவிட்டதே" என்று ஓர் அக்கா கேட்டார். உண்மைதான். ஆனால் இங்கே ஒரு அத்தியாயம் எழுதி, வரைந்து, திரைக்கு வர அரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. சீரியல் மாமியார் அரை நாளில் அழுது முடித்துவிடுவார்.

முதல் படம் எப்போது வந்தது? ஓடியதா?

2007 ஜூலையில். ஏழரைக் கோடி அமெரிக்க டாலர் செலவில் எடுத்து, உலகம் முழுக்க 50 கோடிக்கும் மேல் வசூலித்தார்கள்.

படம் எடுக்கும் யோசனை அதற்கு வெகுநாள் முன்பே இருந்தது. 1992-ல் பார்ட்டும் லீசாவும் விடுமுறை முகாமுக்குப் போகிற ஒரு கதையையே படமாக்கலாமா என்று பேசி, கடைசியில் அது தொலைக்காட்சி அத்தியாயமாகவே போய்விட்டது. வாரா வாரம் தொடர் எழுதும் கூட்டமே படத்தையும் எழுத வேண்டும் என்றால் எப்படி? 2001-ல் குரல் கலைஞர்களிடம் படத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள். எழுத்தாளர்கள் மட்டும் 11 பேர். நூறு தடவைக்கு மேல் திருத்தி எழுதினார்கள். இயக்கியவர் டேவிட் சில்வர்மன், குட்டித் துணுக்குக் காலத்திலிருந்தே இந்தக் குடும்பத்தை வரைந்தவர்.

கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? பன்றிக் கழிவை என்ன செய்வது என்று தெரியாமல் ஓர் ஊர் திண்டாடுகிறது என்று கிரேனிங் படித்த ஒரு செய்தியிலிருந்து. ஹோமர் ஒரு பன்றியை வளர்க்கிறான், கழிவை ஏரியில் கொட்டுகிறான், ஏரி நாசமாகிறது, அரசாங்கம் ஊரையே ஒரு கண்ணாடிக் கவிகைக்குள் மூடிவிடுகிறது. குப்பை கொட்டினால் அபராதம் கட்டும் சிங்கப்பூரில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு.

வீட்டில் சும்மா வருவதற்கு எதற்காகத் தியேட்டரில் காசு கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது ஹோமர்தான். 2007 படத்தின் தொடக்கத்தில் அவனே ஒரு தியேட்டரில் உட்கார்ந்து, டிவியில் இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்கிறோமே என்று எரிந்து விழுவான். இங்கே இருக்கிற எல்லோரும் ஏமாளிகள் என்று சொல்லிவிட்டு, திரும்பி நம்மை நோக்கிக் கையை நீட்டுவான்.

அப்போது நான் தேசிய சேவையில், அதாவது இங்கே கட்டாயமான ராணுவப் பயிற்சியில் இருந்தேன், 19 வயது. சனிக்கிழமை முகாமை விட்டு வெளியே போக "புக் அவுட்" அனுமதி கிடைத்து, மொட்டைத் தலையோடு மூன்று பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கை எங்கள் பக்கம் நீண்டதும் அரங்கமே அதிர்ந்தது. வாரம் முழுக்க ஆளுக்கு ஆள் எங்களை நோக்கிக் கைநீட்டிக் கத்தியிருந்தார்கள். காசு கொடுத்து அதே திட்டை வாங்கிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. சிங்கப்பூருக்கு டிஸ்னி பிளஸ் 2021 பிப்ரவரியில் வந்தது. பழைய அத்தியாயங்கள் வரிசையாக அதில் கிடக்கின்றன. தியேட்டரில் வந்த படம் சில மாதத்தில் சோபாவுக்கே வந்துவிடும். வார இறுதி டிக்கெட் பதினைந்து வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி நிற்கிறது. நான்கு பேர் குடும்பம், சோளப்பொரி, தண்ணீர், அப்புறம் மகளுக்கு அந்த பிளாஸ்டிக் வாளி வேண்டும். மொத்தம் நூறு வெள்ளிக்குப் பக்கத்தில் போய்விடும்.

ஆனாலும் போவேன் என்பதற்கு ஒரே காரணம், சிரிப்பு தொற்றிக்கொள்ளும் என்பது. கவுண்டமணி செந்திலின் வாழைப்பழத்தை வீட்டில் தனியாகப் பார்த்தால் புன்னகைப்போம். பத்து பேரோடு பார்த்தால் வயிறு வலிக்கும். முதல் படத்தில் ஊர் அழியப்போகிறது என்று தெரிந்ததும் தேவாலயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பக்கத்து மதுக்கடைக்குள் ஓடுவார்கள், மதுக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தேவாலயத்துக்குள் ஓடுவார்கள். வசனமே இல்லாத சில விநாடிகள்தான். வீட்டில் அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன், அன்றைய சிரிப்பு திரும்ப வரவில்லை.

ரசிகர்கள்தானே நீங்கள்? சந்தோஷப்படாமல் ஏன் பயப்படுகிறீர்கள்?

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடும் ஒன்றுக்கு ரசிகனாக இருப்பது பழைய சாப்பாட்டுக் கடைக்கு வாடிக்கையாளனாக இருப்பது போல. மாஸ்டர் மாறிவிட்டார், மாவு மாறிவிட்டது, பரோட்டா முன்பு போல இல்லை என்று வாராவாரம் குறைபட்டுக்கொண்டே வாராவாரம் போவோம்.

தொண்ணூறுகளில் வந்த அத்தியாயங்கள்தான் தங்கக் காலம் என்பது ரசிகர்களிடையே ஏறக்குறைய மதக் கோட்பாடு. எந்த வருடத்தில் அது முடிந்தது என்பதில்தான் சண்டை. 1997-ல், பள்ளித் தலைமையாசிரியர் உண்மையில் வேறு யாரோ என்று காட்டிய அத்தியாயம்தான் எல்லை என்று ஒரு கூட்டம். இல்லை, அதற்கு அப்புறமும் நல்லவை வந்தன என்று இன்னொரு கூட்டம். என் கட்சி இரண்டாவது. 2021-லிருந்து மேட் செல்மன் பெரும்பாலும் பொறுப்பேற்று நடத்தும் அத்தியாயங்களில் புதிதாக ஏதாவது செய்து பார்க்கும் ஆசை தெரிகிறது. 2024 செப்டம்பரில் தொடரே முடிகிறது என்று பொய்யாக ஒரு கடைசி அத்தியாயம் எடுத்து, எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் அவசர அவசரமாக மங்களம் பாடி, பார்ட்டை மட்டும் "எதுவும் மாறக் கூடாது" என்று திணறவிட்டார்கள். அப்படி ஒன்றை எழுதக்கூடிய ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

என் பயம் வேறு. இந்தத் தொடரில் எதுவுமே மாறாது. ஹோமர் வேலையை இழப்பான், வீடு எரியும், மார்ஜ் கோபித்துக்கொண்டு போவாள். அடுத்த வாரம் ஐந்து பேரும் அதே சோபாவில். சின்ன வயதில் எனக்கு அதுதான் பிடித்தது. எங்கள் வீட்டில் அந்த வருடங்களில் நிறைய மாறிக்கொண்டிருந்தது, அவர்கள் வீட்டில் ஒன்றும் மாறாது. பார்ட் என்னைவிட இரண்டு வயது மூத்தவனாக இருந்தான், பிறகு என் வயது ஆனான், பிறகு என் தம்பியின் வயது. இன்று எனக்குக் கிட்டத்தட்ட ஹோமரின் வயது. லீசாவின் வயது என் மகளுக்கு.

படம் என்றால் ஏதாவது ஒன்று மாற வேண்டும். இல்லாவிட்டால் அது நீளமான ஒரு அத்தியாயம்தான். முதல் படத்தில் அந்த மாற்றம் சில நிமிடங்களுக்கு நிஜமாகவே வந்தது. மார்ஜ் ஹோமரை விட்டுப் போகிறாள். தங்கள் கல்யாண வீடியோ நாடாவின் மேலேயே விடைபெறும் செய்தியைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போகிறாள். இனி மனம் மாறித் திரும்ப முடியாதபடி செய்துகொள்கிறாள். பேசி முடித்ததும் அடியில் இருக்கும் கல்யாண நடனம் ஒரு கணம் திரையில் எட்டிப் பார்க்கும். மஞ்சள் நிறக் கோட்டோவியங்கள்தான். மூன்று மொட்டைத் தலைகளும் பேசவில்லை.

அப்புறம் என்ன? செப்டம்பரில் தொடர் திரும்பி வந்தது. முதல் நாள் தொடக்கக் காட்சியில் படத்தில் நடந்ததை வைத்துக் கொஞ்சம் சிரித்தார்கள். அதன் பிறகு கதையில் கவிகைக்கும் வேலை இல்லை, பன்றிக்கும் வேலை இல்லை. படத்தின் கண்ணீரைத் தொடர் அழித்துவிட்டது. இரண்டாவது படத்திலும் அதுதான் நடக்கும் என்று தெரிந்தே போக வேண்டும்.

குரல்கள் எல்லாம் வயதாகிவிட்டன என்கிறார்களே?

ஆமாம், இது நியாயமான கவலை. ஆறு பேர்தான் இந்த ஊரின் பெரும்பகுதியைப் பேசுகிறார்கள். ஹாரி ஷீரர் பிறந்தது 1943. மார்ஜுக்குக் குரல் தரும் ஜூலி காவ்னர் பிறந்தது 1950. அண்மை ஆண்டுகளில் மார்ஜின் குரலில் கரகரப்பு கூடியிருப்பது காது உள்ள யாருக்கும் கேட்கும். ஆசிரியை எட்னாவுக்குப் பேசிய மார்ஷியா வாலஸ் 2013-ல் காலமானார். அந்தப் பாத்திரத்தை அவரோடு சேர்த்தே ஓய்வுபெறச் செய்தார்கள். பார்ட்டின் நண்பன் மில்ஹவுசுக்குப் பேசிய பமீலா ஹேடன் 2024-ல் ஓய்வு பெற்றார்.

சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். என் அம்மாவுக்கும் குரல் உடைந்துவிட்டது, தொலைபேசியில் "சாப்பிட்டியா" என்று கேட்டால் முன்பு போல இல்லை. அதனால் வேறு அம்மாவையா தேட முடியும்? மார்ஜின் குரல் அந்தக் கரகரப்போடேயே வரட்டும்.

டிஸ்னி வாங்கிவிட்டது, இனி பல் பிடுங்கிய பாம்புதானே?

2019 மார்ச்சில் டிஸ்னி, இந்தத் தொடரைத் தயாரித்துவந்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் பட, தொலைக்காட்சிப் பிரிவுகளை வாங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தத் தொடர் எப்போதும் முதலாளியைத் திட்டித்தான் சோறு தின்றது. 1998-லேயே ஓர் அத்தியாயத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பலகையில் "டிஸ்னியின் ஒரு பிரிவு" என்று நையாண்டியாக எழுதி வைத்தார்கள், இருபது வருடம் கழித்து அது பலித்தது.

படத்தில் முதலாளியைத் திட்டும் நகைச்சுவை நிச்சயம் இருக்கும். அது அனுமதி வாங்கித் திட்டுவதாகத் தோன்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்காலத்தை முன்பே சொல்லிவிடும் கார்ட்டூனாமே? டிரம்ப் அதிபராவார் என்று சொன்னதாமே?

2000-த்தில் ஓர் அத்தியாயத்தில் ஒரே ஒரு வசனமாக வந்தது, உண்மைதான். சிராங்கூன் சாலையில் கிளி ஜோசியரிடம் கேட்டுப் பாருங்கள். 800 சீட்டு எடுத்தால் எத்தனை பலிக்கும் என்று கிளியே சொல்லும்.

அப்பு வருவாரா?

இந்தக் கேள்வியை என்னிடம் அதிகம் கேட்பவர்கள் நம்மவர்கள்தான். பதிலும் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: ஸ்பிரிங்ஃபீல்டில் குவிக்கி மார்ட் என்ற சில்லறைக் கடை நடத்துபவர் அப்பு. வங்காளப் பின்னணி. பெயர் சத்யஜித் ராயின் அப்பு படங்களிலிருந்து வந்தது; குடும்பப் பெயரோ வாயில் நுழையாத, வேடிக்கைக்காகவே நீட்டிய ஒன்று. கணினித் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர், எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பிரசவத்தில் தகப்பன். குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா, வெள்ளைக்காரர். இந்தியர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவராகப் பிடித்துக்கொண்ட ஓர் இழுவையில் பேசுவார். கடைக்கு வருகிறவர்களிடம் அப்பு வழக்கமாகச் சொல்வது "தேங்க்யூ, கம் அகெய்ன்", அதாவது நன்றி, மீண்டும் வருக.

2017-ல் ஹரி கொண்டபோலு என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர், இந்தப் பாத்திரம் தன்னைப் போன்ற தெற்காசியப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2018 ஏப்ரலில் தொடர் அதற்குச் சொன்ன பதில் அரைகுறை: முன்பு யாரும் தப்பென்று சொல்லாததை இப்போது தப்பென்கிறார்கள், என்ன செய்ய முடியும் என்று லீசாவையே பேச வைத்துத் தோளைக் குலுக்கிவிட்டார்கள். லீசாவை! நியாயம் பேசுவதற்கென்றே படைத்த பிள்ளையை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2020 ஜனவரியில் அசாரியா அப்புவுக்குப் பேசுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அந்த ஜூனில், வெள்ளையர் அல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர்கள் பேசமாட்டார்கள் என்று தொடரே அறிவித்தது. 2021-ல் அசாரியா பொதுவில் மன்னிப்பும் கேட்டார். மற்ற சில பாத்திரங்களுக்குப் புதுக் குரல்கள் வந்தன. அப்புவுக்கு வரவில்லை. கூட்டத்தில் ஒருவராக எப்போதாவது நிற்பார், வாய் திறக்கமாட்டார்.

இனி என் கதை. என் பெரியப்பா எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாமாக் கடை என்கிற சின்னச் சில்லறைக் கடை வைத்திருந்தார். மாமா என்ற நம் சொல்லையே இந்த ஊர் அந்தக் கடைக்குப் பெயராக வைத்துக்கொண்டது. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஆறுக்குக் கதவைத் திறந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் இழுத்து மூடுவார். கடன் சொல்பவர்களின் கணக்கை எழுத 555 என்று அட்டை போட்ட குட்டி நோட்டுப் புத்தகம். மலாய் பேசுவார், எதிர்வீட்டுப் பாட்டியிடம் ஹொக்கியன் சீனத்தில் விலை சொல்வார். அவர் பேச்சில் எந்த இழுவையும் கிடையாது. "மீண்டும் வருக" என்றெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. மேல்மாடியில் இருப்பவர்கள் வேறு எங்கே போவார்கள்?

உயர்நிலைப் பள்ளியில் என் வகுப்புப் பையன்கள் என்னைக் கண்டதும் அப்புவின் இழுவையில் "தேங்க்யூ, கம் அகெய்ன்" என்பார்கள். தினமும். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது? பிறகு வெகுநாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில் மாமாக் கடையில் மிட்டாய் வாங்கி வளர்ந்தவர்கள். நிஜமான மாமாவின் குரல் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஒரு தமிழ்ப் பையனைக் கிண்டல் செய்யத் தேவைப்பட்டபோது, கீழ்த்தளத்து மாமாவின் குரல் அவர்கள் வாயில் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த குரல்தான் வந்தது. அந்த இழுவை எங்கள் புளோக்கில் யாருக்கும் கிடையாது.

அதே நேரம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அப்புவைப் பிடிக்கும். 1995-ல் லீசா சைவத்துக்கு மாறிவிட்டு ஊரோடு சண்டை போட்டபோது, நீ நம்புவதை நம்பு, மற்றவர்களைப் படுத்தாதே என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது அவர். 1996-ல் ஊர் குடியேறிகளுக்கு எதிராகத் திரும்பியபோது, கள்ளப் பத்திரம் வாங்கி அமெரிக்கன் போல நடித்துப் பார்ப்பார். அப்பா அம்மாவை மறந்துவிட்டேனே என்று மனம் பொறுக்காமல் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நேர்மையாகத் தேர்வெழுதிக் குடியுரிமை வாங்குவார். அதைப் பார்த்த அன்று பெரியப்பாவின் நீலநிற நிரந்தரவாசி அட்டை, இளஞ்சிவப்புக் குடிமகன் அட்டை ஆகியவற்றைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டது எனக்கு நினைவு வந்தது.

இந்த ஆளைப் பேசாமல் நிற்க வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. தப்பு செய்தது குரல், தண்டனை கடைக்காரருக்கு. எதுவும் மாறாத அந்த ஊரில் நிஜமாகவே மாறிய ஓரிரு விஷயங்களில் இது ஒன்று, அதையும் கதைக்குள் சொல்லாமல் ஒளித்துச் செய்தார்கள். படத்தில் வந்தால் ஒரு தெற்காசியக் கலைஞர் தன் சொந்தக் குரலில், இழுவை இல்லாமல் பேசட்டும். மன்னிப்புக் காட்சி வேண்டாம், விளக்கவுரை வேண்டாம். இரவு கடையை மூடும்போது ஹோமர் கடன் சொல்ல, அப்பு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். போதும்.

நடக்குமா? நடக்காது என்றுதான் நினைக்கிறேன். பெரிய முதலீட்டுப் படத்தில் முடிந்துபோன சண்டையை யாரும் எழுப்பமாட்டார்கள்.

(தங்கையின் கணவர் கேட்டது) ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவு அலட்டலா மச்சான்?

நீங்கள் மான்செஸ்டர் யுனைடெட் பார்ப்பதை நிறுத்துங்கள், நானும் நிறுத்துகிறேன்.

தமிழில் வருமா?

சிங்கப்பூர்த் திரையரங்குகளில் ஹாலிவுட் படங்கள் ஆங்கிலத்தில், பெரும்பாலும் கீழே சீன எழுத்தோடு ஓடும். தமிழ்க் குரல் என்றால் சென்னையில்தான் செய்ய வேண்டும்.

செய்தாலும் எனக்கு நடுக்கம்தான். 2005-ல் ரமலான் மாதத்தில் இதை அரபு மொழிக்குக் கொண்டுபோனார்கள். ஹோமர், ஓமர் ஆனான். அவன் குடிக்கும் பியர் சோடா ஆனது, பன்றி இறைச்சி மாட்டிறைச்சி ஆனது. எதையெல்லாம் எடுத்தால் ஹோமர் ஹோமராக இருக்கமாட்டானோ அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பாதியிலேயே படுத்துவிட்டது.

தமிழிலும் ஹோமர் டோனட்டுக்குப் பதில் மெதுவடை தின்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, இரண்டிலும் ஓட்டை உண்டு. ஆனால் அவன் அடிபடும்போதெல்லாம் போடும் "டோ!" என்ற அந்தச் சின்ன முனகலை என்ன செய்வது? கதைத்தாளில் அதை "எரிச்சலான முனகல்" என்று மட்டுமே எழுதுவார்கள். 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே சேர்த்துவிட்டார்கள். "அட சே" கொஞ்சம் கிட்டே வருகிறது. "ஐயோ" வரவே வராது, அதில் பிறர் மேல் இரக்கம் இருக்கிறது. ஹோமருக்குத் தன்மேல் மட்டும்தான் இரக்கம்.

எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

முதலில் வகைப்பாட்டைப் பாருங்கள். பிஜி என்றால் பெற்றோர் வழிகாட்டுதல். பிஜி13 என்றால் 13 வயதுக்கு மேல் பொருத்தம் என்ற அறிவுரை. இது 2011-ல்தான் இங்கே வந்தது, முதல் படத்தின்போது இல்லை. இரண்டிலும் பிள்ளையை வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள், பொறுப்பு உங்களுடையது. என்சி16 ஆனால் 16 வயதுக்குக் கீழே சட்டப்படியே விடமாட்டார்கள், அழுதாலும்.

முதல் படத்தில் பார்ட் துணியில்லாமல் ஸ்கேட்போர்டில் ஊரைச் சுற்றும் காட்சி உண்டு. நான் என் மகளோடு பார்த்தேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நான் ரிமோட்டைத் தேடினேன்.

என் அம்மாவுக்கு வேறு கவலை. "அப்பனைப் பேரு சொல்லிக் கூப்பிடுறான் பாரு, இதையா பிள்ளைக்குக் காட்டுற?" பார்ட் தன் அப்பாவை ஹோமர் என்றுதான் அழைப்பான். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. நான் சொன்னதெல்லாம், "லீசாவைப் பாரும்மா, நல்லாப் படிக்கிற பொண்ணு" என்பதுதான். லீசா பள்ளியிலேயே புத்திசாலி, சாக்ஸஃபோன் வாசிப்பாள். அம்மா கொஞ்சம் சமாதானமானார். அதற்குள் லீசாவும் அப்பாவை எதிர்த்துப் பேசினாள்.

ஜப்பான்காரர்கள் வருடா வருடம் படம் விடுகிறார்களே, இவர்களுக்கு மட்டும் ஏன் இருபது வருடம்?

வேலையிடத்தில் ஒரு தம்பி கேட்டது. டோரேமான் 1980-லிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் படமாக வருகிறது, துப்பறியும் கோனன் 1997-லிருந்து. அங்கே படம் பொங்கல் மாதிரி, வருடத்துக்கு ஒருமுறை வரும், ஒன்று சுமாராக இருந்தாலும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சிம்சன்ஸ் படம் கும்பாபிஷேகம் மாதிரி ஆகிவிட்டது. இடைவெளி நீண்டதாலேயே எதிர்பார்ப்பு ஏறி உட்கார்ந்துகொண்டது. எது நல்லது என்றால், பொங்கல்தான்.

எந்த அரங்குக்குப் போவீர்கள்?

2007-ல் பார்த்த அரங்கு இன்று இல்லை. அதை நடத்திய கேத்தே சினிபிளெக்ஸஸ் என்ற திரையரங்கு நிறுவனம் 2025 செப்டம்பரில் மொத்தமாகவே மூடப்பட்டது. அது நடந்த அதே மாதத்தில்தான் இந்தப் படத்தின் அறிவிப்பும் வந்தது. 1992-ல் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் பத்துத் திரைகளோடு நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தபோது அப்பா எங்களைச் சும்மா சுற்றிக்காட்டவே கூட்டிப் போனார். இப்போது எந்தப் பேட்டையில் திரை மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்?

சின்னக் கதை. உலகத்தைக் காப்பாற்ற வேண்டாம், ஒரு முறை காப்பாற்றியாகிவிட்டது. கையால் வரைந்தது போன்ற அந்தத் தட்டைக் கோடுகள் அப்படியே இருக்கட்டும், முப்பரிமாணப் பொம்மைகளாக உப்ப வேண்டாம். பிரபலங்கள் வரிசையாக வந்து "நான்தான் இன்னார்" என்று கையசைத்துப் போகும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். மார்ஜுக்கு ஒரு நல்ல காட்சி. லீசாவுக்கு, 2018-ல் அவள் வாயில் திணித்த வசனத்துக்கு ஈடாக, ஒரு முழு நியாயமான கோபம்.

இதில் பாதி கிடைத்தாலே டிக்கெட் காசு தீர்ந்தது.

முதல் படத்தைப் பார்க்காமல் இரண்டாவதைப் பார்க்கலாமா?

தாராளமாக. ஐந்து பேர், ஒரு சோபா, அவ்வளவு தெரிந்தால் போதும். நேரம் இருந்தால் முதல் படத்தையும் பாருங்கள், 87 நிமிடம்தான்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பேசவே பேசாத மேகி அந்த ஓட்டத்துக்கு நடுவில் வாயிலிருந்து நிப்பிளை எடுத்துவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வாள்: "இரண்டாம் பாகம்?" 2007-ல் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு முகாமுக்குத் திரும்பினோம். அடுத்த வருடமே வரும் என்று மூன்று பேரும் நம்பினோம். இந்தத் தடவையும் கடைசிவரை உட்கார்ந்திருங்கள், துப்புரவு அண்ணன் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றாலும்.